வயிற்றெரிச்சல்படி

“ஏனுங்க, உங்களுக்கு எவ்வளவு சம்பளம் இருந்தாப் போதும்?”

“நீ இருந்தாப் போதும் புள்ள.”

“ஐயோ, இத போதுமானிகிட்டச் சொல்லிறாதீங்க. சம்பளத்தப் பாதியா வெட்டிருவாங்க.”

கல்யாணமான முதல் வாரத்தில் பேசிச் சிரித்தது. கோவை ஊதிய மையத்தில் கணவன் பூவரசனோடு வரிசையில் நின்றபோது நறுமுகைக்கு அந்தப் பேச்சு நினைவுக்கு வந்து உறுத்தியது. மூன்று ஆண்டுகளாக அவளுடைய சம்பளம் இறங்கிக்கொண்டே வருகிறது. பூவரசனுடையதோ ஏறிக்கொண்டே போகிறது.

ஆண்டுக்கொரு முறை எல்லோரும் போதுமானி என்ற கருவியிடம் கையைக் கொடுக்க வேண்டும். நாடி, மூச்சு, தூக்கம் எல்லாவற்றையும் படித்துவிட்டு, இந்த ஆள் நிம்மதியாக வாழ எவ்வளவு போதும் என்று அது ஓர் எண் சொல்லும். நிறுவனம் அதைத்தான் தரும். மனம் நிறைந்தால் எண் சரியும்; ஏங்கினால் கூடும். கூடுதலுக்குச் சம்பளச் சீட்டில் ‘ஆற்றாமைப்படி’ என்று பெயர். ஊரில் எல்லோருக்கும் அது வயிற்றெரிச்சல்படி. சோதனைக்கு முந்தின வாரம் வசதியான சொந்தக்காரர் வீட்டுக்கு விருந்துக்குப் போய் நன்றாக எரிந்துவிட்டு வருவது வழக்கமாகிவிட்டது.

நறுமுகைக்கு எதுவும் எரியவில்லை. ஓரகத்தியின் வைர மூக்குத்தியைப் பார்த்து, “எடுப்பா இருக்குதுக்கா” என்று மனதாரச் சொன்னாள். அந்த ஆண்டு மூவாயிரம் குறைந்தது. பக்கத்தில் பூவரசன் இருக்கும்போது மூக்குத்தி எதற்கு என்றிருந்தது அவளுக்கு. பக்கத்தில் அவள் இருந்தும் அவனுக்கு ஏன் போதவில்லை?

தம்பதிகளுக்கு இரட்டை நாற்காலி. அதிகாரி மேகலா இருவர் மணிக்கட்டிலும் பட்டையை மாட்டினாள். பூவரசனின் எண் இந்த ஆண்டும் உயர்ந்திருந்தது. அதன் கீழே புதிதாக ஒரு வரி சேர்த்திருந்தார்கள்: ஏக்கத்தின் வகை. பெரும்பாலானவர்களுக்கு வீடு, வண்டி, பதவி என்று வரும். அவனுக்கு ‘ஆள்’ என்று வந்தது.

“எந்த ஆளு?” என்றாள் நறுமுகை.

“அத மானி சொல்லாதுங்க மேடம்.”

அவன் அலுவலகத்துப் பெண்களின் முகங்கள் ஒவ்வொன்றாக அவள் மனதில் வந்து போயின. அடிவயிற்றில் குபீரென்றது. திரையில் அவளுடைய எண் எகிறியது.

“வாழ்த்துகள் மேடம்! மூணு வருசத்துல மொதல் தடவையா ஏறுது,” என்று மேகலா கைகுலுக்க வந்தாள். “ரெண்டு பேரும் இப்படியே இருங்க, இன்னொரு வீடே வாங்கிரலாம்.”

நறுமுகை கையை நீட்டவில்லை. “யாருங்க அவ?”

“அவ இல்ல,” என்றான் பூவரசன். “அவன். உங்க அத்தை பையன் கவின்.”

“கவினா! அவன் எண்ணு உங்க எண்ணுல பாதிகூட வராதே. அவன்கிட்ட அப்படி என்ன இருக்குது?”

“இருக்குது.”

அந்த ஒரு சொல்லுக்கே அவன் எண் நூறு ரூபாய் இறங்கியது. மேகலா பதறினாள். “சார், பட்டை இன்னும் கையில இருக்குது. எதா இருந்தாலும் வெளிய போய்ப் பேசுங்க. எண் பதிவாக ஒரு நிமிசந்தான்!”

வீட்டுக் கடன் தவணை அந்த எண்ணை நம்பித்தான் ஓடியது. பூவரசன் வாயை மூடிக்கொண்டான். எண் நின்றது. பிறகு மெல்ல ஏறியது. அவன் சொல்ல வந்ததை விழுங்க விழுங்க அது ஏறுவதை நறுமுகை பார்த்தாள்.

“சொல்லுங்க,” என்றாள்.

“தவணை?”

“வாடகை வீட்டுக்குப் போயிக்கலாம். சொல்லுங்க.”

அவன் காது மடல் சிவந்தது. மேகலாவைப் பார்த்தான், தரையைப் பார்த்தான்.

“அவன் போன் பண்ணா, ‘டேய் எரும’ன்னு ஆரம்பிச்சு வீடே அதிரச் சிரிக்கிற. எனக்கு மட்டும் வாங்க, போங்க, சாப்புடுங்க. பேங்க்ல பேசற மாதிரி.”

திரையில் எண் சரசரவென்று சரிந்தது. மேகலா தலையில் கை வைத்துக்கொண்டாள். அவன் நிறுத்தவில்லை.

“என்னையும் ஒருக்கா ‘டேய்’னு கூப்புடு புள்ள.”