ஏழாம் நம்பர் வாக்கி

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் காலை, பெருமாநல்லூர் ரோட்டில் இருக்கும் எங்கள் சாயப்பட்டறைக்கு வேலைக்குத் திரும்பினேன். அதே நீராவி, மூக்கை அரிக்கும் அதே கெமிக்கல் வாடை. டெஸ்பாட்ச் மேஜையில் வாக்கிடாக்கிகள் சார்ஜரில் வரிசையாக நின்றன. என்னுடைய நான்காம் நம்பரை எடுக்கக் கை நீட்டினேன்.

ஷிப்ட் இன்சார்ஜ் நஞ்சப்பன் அண்ணன் ஓடி வந்தார். "வேண்டாங் கண்ணு. உனக்கு இன்னிக்கு வாக்கி வேண்டாம்."

"ஏண்ணே, பேசியே புருசனைக் கொன்னவள்னா?"

அவர் தலை குனிந்தார். இந்த நாக்கை என்னதான் செய்வது? அன்றைக்கும் இதுதான் ஆடியது.

வாக்கியில் ஒருவர் பட்டனை அழுத்திக்கொண்டிருக்கும்வரை மற்றவர் யாரும் பேச முடியாது. அழுத்து, சுருக்கமாகச் சொல், விடு, கேள். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே இதைச் சொல்லிக் கொடுத்தார்கள். அன்றைக்கு என் வீட்டுக்காரர் ஜெயபாண்டி சாப்பாட்டு டப்பாவை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார், அந்த வாரத்தில் மூன்றாவது தடவையாக. பதினொன்று பத்துக்கு வாக்கியை எடுத்து, "ஏய்யா, உனக்கு மூளை இருக்கா?" என்று ஆரம்பித்தேன்.

அவர் கழிவுத் தொட்டியைக் கழுவ உள்ளே இறங்கியிருந்தது எனக்குத் தெரியாது. மேலே காவலுக்கு நிற்க வேண்டியவன் டீ குடிக்கப் போயிருந்தான். இடுப்பில் இருந்த வாக்கி ஒன்றுதான் அவருக்குத் துணை.

இரண்டு நிமிடம் விடாமல் திட்டினேன். பட்டனை விட்டதும் ஓர் இழுத்த மூச்சு மட்டும் கேட்டது.

"என்ன, வாயில கொழுக்கட்டையா?" என்று கேட்டுவிட்டு, மறுபடியும் அழுத்தித் திட்டினேன்.

விஷவாயு என்றார்கள். நேவி ப்ளூ சாயத்தில் தோய்ந்த உடம்பைத்தான் வெளியே எடுத்தார்கள்.

நஞ்சப்பன் அண்ணன் குரலைத் தாழ்த்தினார். "நீ வராத நாள் பூராவும் பதினொண்ணு பத்துக்கு அவன் கூப்பிடறான் கண்ணு. நாங்க ஒருத்தரும் பட்டனத் தொடல."

அவருடைய ஏழாம் நம்பர் வாக்கி, பேட்டரி கழற்றப்பட்டு, என் மேஜை டிராயரில் பூட்டிக் கிடந்தது. நான் அண்ணனை நம்பவில்லை. அவர் தடுத்தும் கேட்காமல் நான்காம் நம்பரைக் கையில் எடுத்துக்கொண்டு கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பதினொன்று பத்து.

என் கையில் இருந்த வாக்கி கரகரத்தது.

"ஏ புள்ள… பேசி முடிச்சுட்டியா? நான் பேசட்டுமா?"

ஐயோ, என் மாமன் குரல்!

"மாமா! மன்னிச்சிரு மாமா! எனக்குத் தெரியாது மாமா! சத்தியமாத் தெரியாது…" அழுதேன், கத்தினேன், கும்பிட்டேன். எவ்வளவு நேரமோ தெரியாது. கடைசியில் அண்ணன்தான் என் கட்டைவிரலைப் பிடித்து இழுத்துப் பட்டனை விடுவித்தார்.

ஓர் இழுத்த மூச்சு மட்டும் கேட்டது.

பிறகு ஒன்றுமில்லை.

பாவி, மறுபடியும் அதையே செய்தேன்.

மறுநாள் பனியன் வேஸ்ட் துணியைக் கிழித்து, கட்டைவிரலை உள்ளங்கையோடு சேர்த்து இறுக்கிக் கட்டிக்கொண்டேன். இன்றைக்காவது அவர் சொல்ல வந்ததை முழுசாகக் கேட்டுவிட வேண்டும். எனக்கு வேறு எதுவும் வேண்டாம்.

பதினொன்று பத்து. என் வாக்கியில் சிவப்பு விளக்கு எரிந்தது.

"ஏ புள்ள… நான் பேசட்டுமா?"

உதட்டைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

"நான் பேசட்டுமா?"

கல்யாணமான நாளிலிருந்து நான் சரி என்று சொல்லாமல் அந்த மனுசன் வாய் திறந்ததே இல்லை. இப்போதும் என் பதிலுக்காகத்தான் காத்திருக்கிறார்.

பேசு மாமா என்று சொல்ல, அந்தப் பட்டனைத்தான் அழுத்த வேண்டும்.

விளக்கு அணையவில்லை. பூட்டிய டிராயரின் இடுக்கிலிருந்து நேவி ப்ளூ சாயம் என் மடியில் சொட்டத் தொடங்கியது.