தொண்ணூற்றாறு விழுக்காடு கவனம்

மெய்காட்டியை அணைத்துப் பத்து நிமிடம் கழித்துத்தான் பாம்பு வகுப்புக்குள் வந்தது.

புளியங்கேணி தொடக்கப்பள்ளி, இரண்டாம் வகுப்பு. மூன்று நாளாக விடாத ஐப்பசி மழையில் வயலும் வாய்க்காலும் ஒன்றாகிக் கிடந்தன. தர்ஷிகா டீச்சர் பலகையில் கழித்தல் கணக்கு எழுதிக்கொண்டிருந்தாள். முதுகுக்குப் பின்னால் இருபத்தாறு பிள்ளைகளும் ஒரே குரலில், "ஐ!" என்றார்கள். கழித்தல் கணக்குக்கு எந்தப் பிள்ளை "ஐ" சொல்லும்? அவள் திரும்பிப் பார்த்தாள்.

கதவிடுக்கு வழியாக நுழைந்த நல்ல பாம்பு ஒன்று, முதல் வரிசையில் தரையில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளுக்கு முன்னால் மெதுவாக ஊர்ந்துகொண்டிருந்தது. அது வந்த வழியெல்லாம் சிமெண்டுத் தரையில் ஈரக்கோடு. மெய்காட்டியின் பாடக்கிடங்கில் இருநூற்றுச் சொச்சம் பொய்ப் பாம்புகள் இருக்கின்றன. அத்தனையையும் அவள் வகுப்பில் ஓடவிட்டவள். அதில் ஒன்றுகூடத் தரையை நனைத்ததில்லை. இது கிடங்குப் பாம்பு இல்லை.

பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பார்கள். இரண்டாம் வகுப்பு நடுங்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு, முதுகை நிமிர்த்தி, இன்னும் ஒழுங்காக உட்கார்ந்தது.

பிள்ளைகள்மேல் குற்றம் சொல்லிப் பயனில்லை. மெய்காட்டி என்பது கூரையில் பதித்த வட்டப்பெட்டி. இணையத்திலுள்ள பாடக்கிடங்கிலிருந்து எந்தப் பாடத்தை இறக்கினாலும், அதை உருவும் ஒலியும் வாசனையுமாக வகுப்பின் நடுவே கொண்டுவந்து நிறுத்தும். யானை வரும், எரிமலை வரும், கடலே வரும். நாட்டிலுள்ள ஆசிரியர்களெல்லாம் தங்கள் பாடங்களை அதில் ஏற்றுவார்கள், மற்றவர்கள் இறக்கிக்கொண்டு நட்சத்திரம் போடுவார்கள். கூடவே சுவரில் ஒரு விழிமானி உண்டு, மெய்காட்டியை அணைத்தாலும் அது ஓடிக்கொண்டிருக்கும். பிள்ளைகளின் கண் எங்கே போகிறது என்று பார்த்து, வகுப்புக்கு 'ஆழ்கவனம்' என்று மதிப்பெண் தரும். கண்ணைத் திருப்பினால் ஒன்று போகும், இடத்தை விட்டு எழுந்தால் ஐந்து போகும். எழுபதுக்குக் கீழே இறங்கினால் ஆசிரியர் விளக்கக் கடிதம் எழுத வேண்டும்.

போன வருடம், இதே பிள்ளைகள் அவளிடம் ஒன்றாம் வகுப்பில் இருந்தபோது, புலிப் பாடத்தன்று ஆருத்ரன் என்ற பையன் வீறிட்டுக்கொண்டு வெளியே ஓடிவிட்டான். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து ஒரே அழுகை. அவனைப் பார்த்து இன்னும் நாலு பேர் ஓட, ஆழ்கவனம் அறுபத்தொன்றுக்கு விழுந்தது. தர்ஷிகா அவனை அடிக்கவில்லை, திட்டவில்லை. கையைப் பிடித்துக் கூட்டிவந்து, அந்தக் கையைப் புலியின் வாய்க்குள்ளேயே விட்டுக் காட்டினாள். "பாத்தியாடா தங்கம்? ஒண்ணுமே இல்ல. பயம் வந்தா ஓடக் கூடாது. தொட்டுப் பாக்கணும்." அன்றிலிருந்து அவன் எதையும் தொட்டுத்தான் பார்ப்பான். சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை.

பிறகு வேறொரு தொல்லை வந்தது. மெய்காட்டியில் பச்சை விளக்கு எரிந்தால் பொய்க்காட்சி என்று பிள்ளைகள் கண்டுபிடித்துவிட்டார்கள். சுவாரசியம் போயிற்று, கவனமும் இறங்கியது. தர்ஷிகா நாற்காலி போட்டு ஏறி, விளக்கின்மேல் கறுப்பு ஒட்டுத்தாளை ஒட்டினாள். அதோடு விட்டாளா? காட்சி தொடங்கியதும் நெஞ்சில் கைவைத்து அலறவும் ஆரம்பித்தாள். "ஐயோ, இது பாடமில்ல! மெஷின் ஆஃப்ல இருக்கு! நெசமாவே வந்திருச்சு, ஓடுங்க!" முதல் தடவை பிள்ளைகள் வெலவெலத்துப் போனார்கள். நாலாம் தடவை சிரித்தார்கள். டீச்சர் எவ்வளவு அலறுகிறாளோ அவ்வளவு நல்ல பாடம் வருகிறது என்று அவர்களுக்குப் புரிந்துவிட்டது. ஆழ்கவனம் தொண்ணூற்றாறு! அந்த உத்தியையும் பாடக்கிடங்கில் ஏற்றினாள். நாலாயிரம் வகுப்புகள் இறக்கிக்கொண்டன. மாவட்ட விருதும் கிடைத்தது. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டாள் என்று இப்போது சொல்வது எளிது. அன்றைக்கு எல்லோரும் கைதட்டத்தான் செய்தார்கள்.

"எந்திரிங்க! வெளிய ஓடுங்க! இது நெசப் பாம்பு!" என்று தர்ஷிகா இப்போது அலறினாள்.

பிள்ளைகள் கிளுகிளுவென்று சிரித்தார்கள். முன்வரிசைச் செந்தளிர், கண்ணைப் பாம்பைவிட்டு எடுக்காமலே, "இன்னிக்கி சூப்பரா பண்றீங்க டீச்சர்," என்றாள்.

"நான் பண்ணலடி! மெஷின நானே ஆஃப் பண்ணிட்டேன்!"

"போன வாரமும் அப்படித்தான சொன்னீங்க?"

எச்சரிக்கை செய்ய என்னென்ன சொற்கள் உண்டோ அத்தனையையும் தர்ஷிகா ஏற்கெனவே செலவழித்திருந்தாள். அப்புறம் அவளுக்கே ஒரு நிதானம் வந்தது. அசையாமல் இருந்தால் பாம்பு தன்பாட்டுக்குப் போய்விடும். பிள்ளைகள் அசையவில்லை. கடவுளே, இப்படியே இருக்கட்டும், போய்விடட்டும்.

அப்போது இரண்டாம் வரிசையிலிருந்து ஒரு சின்னக் கை நீண்டது.

"ஆருத்ரா! கைய எடு!"

அவன் அவளைப் பார்த்துச் சிரித்தான். "எனக்குப் பயமில்ல டீச்சர். தொட்டுப் பாக்குறேன்."

பாம்பு சீறிக்கொண்டு படம் எடுத்தது. தர்ஷிகா யோசிக்கவில்லை. பாய்ந்து விழுந்து அவன் கையைத் தட்டிவிட்டாள். அவளுடைய மணிக்கட்டில் சுரீரென்று இறங்கியது. பாம்பு சுவரோரமாக ஓடி, வந்த வழியே மழைக்குள் போய்விட்டது. ஆருத்ரனுக்கு ஒரு கீறல்கூட இல்லை. அவள் அவனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், விரல் விரலாகப் பார்த்தாள். வகுப்பு கைதட்டியது.

சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். பள்ளிக்கு ஆசிரியர் இரண்டே பேர், மற்றவரான தலைமையாசிரியர் கூட்டத்துக்குப் போயிருந்தார். அவளுடைய கைப்பேசி அவர் அறையில். பின்பக்கச் சமையல் கொட்டகையில் லூர்து அக்கா பாத்திரம் தேய்த்துக்கொண்டிருப்பாள். முப்பது எட்டுத் தூரம். ஆனால் கடிபட்டவர் நடக்கக் கூடாது என்று ஜூன் மாதத்தில் பாடம் நடத்தியவளே அவள்தான்.

"யாராச்சும் ஓடிப்போய் லூர்து அக்காவக் கூட்டிட்டு வாங்க. டீச்சரப் பாம்பு கடிச்சிருச்சு."

இருபத்தாறு கைகளும் உயர்ந்தன.

"கடிபட்டவங்கள அசைய விடக் கூடாது!" என்றாள் செந்தளிர்.

"கடிவாயக் கீறக் கூடாது!" என்றது இன்னொரு குரல்.

"உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும்!" இது எல்லோரும் சேர்ந்து, ராகம் போட்டு.

அத்தனையும் சரியான விடை. ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

"சரிதான் கண்ணுகளா, சரிதான். செந்தளிரு, நீ எந்திரிச்சுப் போம்மா."

செந்தளிர் குரலைத் தாழ்த்தி, "எந்திரிச்சா அஞ்சு மார்க் போயிரும் டீச்சர்," என்றாள். டீச்சர் தன்னைச் சோதிக்கிறாள் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். ஏமாறாததில் அவளுக்குப் பெருமைகூட இருந்தது.

இனிச் சட்டம் பார்த்து ஆகாது என்று தர்ஷிகா எழுந்தாள். இரண்டு எட்டு வைப்பதற்குள் கண் இருட்டி விழுந்தாள். கை வீங்கி, தோள்வரை எரிந்தது. கதவை நோக்கித் தவழ்ந்தாள், நின்றாள், மறுபடி தவழ்ந்தாள். இமைகள் தாமாகவே இறங்கின. தன் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்க, நடு வகுப்பில் செத்துப்போகப் போகிறோம் என்ற பயம் அவளை உலுக்கியது. இருந்த மூச்சையெல்லாம் திரட்டி, "லூர்தக்கா!" என்று கத்தினாள். ஒரு தடவை, இரண்டு தடவை. இருபத்தாறு ஜோடிக் கண்கள் அவளையே பார்த்தன. சுவரிலிருந்த விழிமானி நூறு என்று காட்டியது.

சேற்றில் சப் சப்பென்று காலடி கேட்டது. தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு லூர்து அக்கா ஜன்னலில் வந்து நின்றாள். தர்ஷிகாவுக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. பிழைத்தோம் என்று நினைத்தாள்.

"பா... பாம்... நெச... அக்கா..." நாக்கு புரளவில்லை.

லூர்து அக்காவின் முகம் வெளிறியது. ஜன்னல் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள். "என்ன டீச்சர்? என்னாச்சு டீச்சர்?" என்று பதறி, பிள்ளைகள் பக்கம் பார்த்தாள். கை கட்டி, கண் மின்ன, வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பிள்ளை அவளைப் பார்த்து, 'உஷ்' என்று உதட்டில் விரல் வைத்தது.

லூர்து அக்காவின் முகம் மெல்ல மலர்ந்தது. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அம்மாடி! ஒரு நிமிசம் நானே பயந்து போயிட்டேன் டீச்சர். அவார்டு சும்மாவா குடுத்தாங்க?"

சாரல் உள்ளே அடித்துக்கொண்டிருந்தது. அரசாங்க மெஷின் நனைந்துவிடுமே என்று ஜன்னலை இழுத்துச் சாத்தினாள். பிள்ளைகளின் கவனம் கலைந்துவிடக் கூடாது என்று, சுற்றி வந்து கதவையும் ஓசைப்படாமல் மூடிவிட்டுப் போனாள்.