வீடு ஓய்வெடுக்கும் நாள்

ஞாயிறு காலை பத்து மணிக்கு மாநகர அலைவரிசையில் 'நம் தெரு' ஒளிபரப்பானது. முந்நூற்றுப் பன்னிரண்டாவது வாரம்.

நிகழ்ச்சியைத் தயாரிப்பது தொகுப்பான் என்னும் செயற்கை அறிவு. சென்னையின் தெருவிழிகள், அதாவது கம்பத்துக் கேமராக்கள், பார்ப்பதையெல்லாம் அது பார்க்கும். நூலகங்களில் இருப்பதையெல்லாம் படிக்கும். வாரம் ஒரு சமூகத்தின் கலையையும் வழக்கத்தையும் அரைமணி நேரமாக்கித் தரும். படப்பிடிப்புக் குழு தேவையில்லை. சட்டப்படி ஒரு மனிதரின் கையெழுத்து மட்டும் தேவை. அது அலைவரிசை அதிகாரி கோமளாவுடையது.

ஆறு ஆண்டுகளில் நகரத்தின் சமூகங்கள் எல்லாம் தீர்ந்துவிட்டன. தீர்ந்துவிடக்கூடும் என்று தொகுப்பானுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. அது இன்னொன்றைக் கண்டுபிடித்தது.

அயனாவரத்தில் மரகதம் குடியிருப்பு. நாற்பத்தெட்டு வீடுகள். ஆண்டுதோறும் ஆவணி இரண்டாம் சனிக்கிழமை அவர்கள் வீடுகளைப் பூட்டிவிட்டு நாற்காலிகளோடு தெருவுக்கு வந்துவிடுவார்கள் என்றது நிகழ்ச்சி. அன்று வீடு ஓய்வெடுக்கும் நாள். தங்களிடம் உள்ளவற்றில் அருமையானதை ஒவ்வொருவரும் கையோடு கொண்டுவருவார்கள். ஒருவர் மீன்தொட்டி. ஒருவர் அக்கார்டியன். யாரும் தம் உணவைத் தாம் உண்பதில்லை. பொழுது சாயும்போது திரும்பிப் போவார்கள். தொகுப்பான் இவர்களுக்கு 'வெளியமர்வோர்' என்று பெயர் வைத்திருந்தது.

நன்றாக இருந்தது. கோமளா இரண்டு முறை பார்த்துவிட்டுத்தான் கையெழுத்திட்டிருந்தாள்.

திங்கட்கிழமை எத்திராஜ் வந்தார். மரகதம் குடியிருப்பின் சங்கச் செயலாளர். மாநகரப் பேருந்துகளின் கடைசி நடத்துநர்களில் ஒருவராக இருந்து ஓய்வு பெற்றவர். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"அது பூச்சி மருந்து அடிச்ச நாளு மேடம். மூட்டைப்பூச்சி."

கோமளா பேனாவைக் கீழே வைத்தாள்.

"மருந்து வாடை போற வரைக்கும் உள்ள போகக்கூடாதுன்னாங்க. வெளிய உக்காந்தோம். அடுப்பு இல்ல. அவங்கவங்க சொந்தக்காரங்க வீட்ல, ஓட்டல்ல சொல்லி வந்தத ஆளுக்கு ஆள் பிரிச்சிக்கினோம். ஒரு தடவதான். இப்ப என் பொண்ணு மாமியார் வீட்ல கேக்கறாங்க, நீங்க எந்த ஆளுங்கன்னு."

அவர் போன பிறகு கோமளா தொகுப்பானைக் கேட்டாள். அதனிடம் இருந்தது ஒரே ஒரு நாளின் காட்சி. முந்தைய முந்நூற்றுப் பதினோரு நிகழ்ச்சிகளிலும் 'ஆண்டுதோறும்' என்ற சொல் இருந்தது. இதிலும் அதைப் போட்டிருந்தது.

எத்திராஜ் எழுத்தில் மறுப்புக் கொடுத்திருந்தார். சட்டம் தெளிவாக இருந்தது. ஒரு வழக்கம் மறுக்கப்பட்டால், கையெழுத்திட்டவர் அடுத்த ஆண்டு அதே நாளில் சரிபார்ப்புத் தாளோடு நேரில் போய்ப் பார்க்க வேண்டும். 'உண்டு' அல்லது 'இல்லை' என்று எழுத வேண்டும். 'இல்லை' என்று எழுதினால் தொகுப்பானை அணைத்துவிடுவார்கள். 'நம் தெரு' நின்றுவிடும். அதுவரை தொகுப்பான் நிறுத்திவைக்கப்படும்; பழைய நிகழ்ச்சிகள் மறுஒளிபரப்பாகும்.

ஓராண்டு கோமளா பழைய நிகழ்ச்சிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன எழுதப்போகிறோம் என்று அவளுக்குத் தெரியும். 'இல்லை' என்பது சிறிய சொல்தான். ஆனாலும் அந்தச் சனிக்கிழமை காலை அவளுக்குச் சமைக்க மனம் வரவில்லை. தயிர்சாதம் பிசைந்து டப்பாவில் அடைத்துக்கொண்டாள். தாளைப் பையில் வைத்தாள்.

மதியம் தெருமுனையில் இறங்கியபோது அக்கார்டியன் கேட்டது.

தெரு முழுக்க நாற்காலிகள். பிளாஸ்டிக், பிரம்பு, சக்கரம் வைத்த அலுவலக நாற்காலி, ஒரு சலூன் நாற்காலி. மீன்தொட்டி நிழலில் இருந்தது. வாசிப்பவர் கிளாடிஸ், மூன்றாவது மாடிக்காரர், பள்ளியில் இசை கற்பித்தவர். அவருக்குப் பக்கத்தில் காவலாளி தாப்பா குக்கர் மூடியில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்.

எத்திராஜ் விறைப்பாக வந்தார். இந்த ஆண்டும் மருந்து அடிக்கலாமா என்று தாம் நோட்டீஸ் ஒட்டியதாகச் சொன்னார். பூச்சியே இல்லை, மருந்து எதற்கு என்று எல்லோரும் மறுத்துவிட்டார்களாம். காலையில் பார்த்தால் நாற்காலிகள் வெளியே வந்திருந்தன. முதலில் யார் போட்டது என்று யாருக்கும் தெரியவில்லை.

"உங்க மேல ஒரு கம்ப்ளெயிண்ட் இருக்கு மேடம்," என்றார்.

"அதுக்குத்தான் சார் வந்திருக்கேன்."

"அது இல்ல. டிவியில நாற்காலி எல்லாம் கெழக்கப் பாத்து காட்டிட்டீங்க. அன்னிக்கு வெயிலு, அதான் அப்படிப் போட்டோம். எங்க வழக்கம் எதிரெதிர உக்கார்றது."

கோமளா பையிலிருந்து தாளை எடுத்தாள். கூடவே டப்பாவும் வந்தது. எத்திராஜ் தாளைப் பார்க்கவில்லை. டப்பாவை வாங்கித் தாப்பாவிடம் நீட்டினார். கோமளாவின் கையில் கிளாடிஸ் வீட்டு மஞ்சள் சாதமும் கோலா உருண்டையும் வந்தன.

"சாப்ட்டு அப்புறம் கேளுங்க."

சாப்பிட்டாள். கேட்டாள். தாளில் ஒரு கட்டம் இருந்தது: எவ்வளவு காலமாக?

எத்திராஜ் மீன்தொட்டியைப் பார்த்தார்.

"ரொம்ப காலமான்னு போட்டுக்கோ மேன்," என்றார் கிளாடிஸ்.

கோமளா 'உண்டு' என்று எழுதினாள். கொஞ்சம் யோசித்து 'இரண்டு ஆண்டுகளாக' என்று எழுதினாள்.

"ரெண்டா?" கிளாடிஸ் எட்டிப் பார்த்தார். "சரிதான். போன வருஷமும் செஞ்சோம், இந்த வருஷமும் செஞ்சோம். அப்போ வருஷா வருஷம்தானே."

சிரிப்பில் அவர் நாற்காலி ஆடியது. தெரு அங்கே மேடுபள்ளமாக இருந்தது. எத்திராஜ் கோமளாவின் கையிலிருந்த தாளை வாங்கி, நான்காக மடித்து, நாற்காலியின் காலுக்கு அடியில் செருகினார். கிளாடிஸ் அடுத்த பாட்டுக்குப் போனார். தாப்பா தயிர்சாதத்தை ஒரு வாய் வைத்துவிட்டு, டப்பாவை மூடிவிட்டார்.

பொழுது சாயும்போது தாளை எடுத்துக்கொண்டு கோமளா திரும்பினாள். மடிப்புகளோடு தாக்கல் செய்தாள். தொகுப்பான் மறுபடியும் ஓடத் தொடங்கியது.

வெள்ளிக்கிழமை அதன் அடுத்த நிகழ்ச்சிக்கான உரை கையெழுத்துக்கு வந்தது. அதே தெரு. இம்முறை நாற்காலிகள் எதிரெதிராக இருந்தன. புதிதாக ஒரு பத்தி சேர்ந்திருந்தது.

'ஆண்டுதோறும் இந்நாளில் ஓர் அதிகாரி தாளுடன் வருவார். அவருடைய உணவை வாங்கி வேறொருவருக்குக் கொடுப்பார்கள். சாப்பிட்ட பிறகே அவர் கேள்வி கேட்கலாம். அவர் எழுதிய தாள் நான்காக மடிக்கப்பட்டு, ஆடும் நாற்காலியின் காலுக்கு அடியில் வைக்கப்படும். இது ஏன் என்று அவர்கள் சொல்வதில்லை.'

கோமளா சிவப்புப் பேனாவை எடுத்தாள். 'ஆண்டுதோறும்' என்ற சொல்லின் மேல் அதை வைத்தாள். மறுக்கலாம். மறுத்தால், சட்டப்படி அடுத்த ஆண்டு அதே நாளில் ஓர் அதிகாரி தாளுடன் அங்கே போக வேண்டும்.

பேனாவை மூடினாள். கையெழுத்திட்டாள்.

பிறகு தாப்பாவுக்கு என்ன பிடிக்கும் என்று கேட்க எத்திராஜைக் கூப்பிட்டாள்.