எதிர்ப்பக்கச் சோறு

அடுத்த வீட்டு அஸ்லாம் ஷார்ஜாவிலிருந்து விடுமுறைக்கு வந்து இறங்கியபோது, ஒரு பெட்டியை மட்டும் யாரையும் தொடவிடாமல் தானே தூக்கிக்கொண்டு உள்ளே போனான். தங்கம் என்று எங்கள் தெரு முடிவு கட்டியது. நான் அப்படியெல்லாம் ஊகம் செய்கிற ஆள் இல்லை. நேரே போய்க் கேட்டுவிட்டேன். செல்போனை மாட்டும் முக்காலியும் ஒரு வட்ட விளக்கும் இருந்தன.

லெப்பைக்குடிக்காட்டுப் பிள்ளை. ஷார்ஜாவில் ஓர் இத்தாலிக்காரர் ஓட்டலில் சமையல் வேலை. முதலாளி ஒரு தடவை இவனைத் தன் சொந்த ஊருக்கு, ஏதோ கடலோர ஊராம், கூட்டிப் போயிருக்கிறார். அதிலிருந்து இவனுக்கு ஒரே பித்து.

"புவனாக்கா, புது ஊருக்குப் போனா நல்ல சாப்பாட்டுக் கடையக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கு. வாசல்ல படம் போட்ட போர்டு வச்சிருந்தா உள்ள போகவே கூடாது. உள்ளூர்க்காரன் வண்டி எங்க நிக்குதோ அங்க நிறுத்தணும். மெனு கேக்கக் கூடாது, இன்னைக்கு என்னன்னு மட்டுந்தான் கேக்கணும். அந்த ஊர்ல மீன் பிடிக்கிறவங்க சாப்பிடுற கடையில அப்படித்தான் போய்ச் சாப்பிட்டோம்."

"பெரம்பலூர்ல மீன்காரன் அவன் வூட்லதான்டா சாப்பிடுறான்," என்றேன்.

அவன் மனைவி இஃப்பத் சிரித்தாள். ஆனால் அவளுக்கு இது விளையாட்டில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவள் புருஷனைப் பார்த்ததைவிட அவன் போட்டோவைப் பார்த்ததுதான் அதிகம். உள்ளூர்ச் சாப்பாட்டுக் கடைகளைப் படம் பிடித்துப் போட அவன் தொடங்கியிருந்த யூடியூப் சேனல் பிடித்துக்கொண்டால் அவன் ஷார்ஜாவுக்குத் திரும்ப வேண்டியதில்லை. அதற்காக ஒவ்வொரு தொழுகையிலும் அவள் துஆ கேட்டுக்கொண்டிருந்தாள்.

எறையூர் ஆலைப் பக்கத்து மெஸ், வாலிகண்டபுரம் கோயில் தெரு இட்லிக் கடை என்று நாலைந்து படம் எடுத்தாகிவிட்டது. செல்போனைப் பிடித்துக்கொள்வது நான்தான். என் விரல் மறைக்காத படம் அதில் ஒன்றுகூடக் கிடையாது.

அன்றைக்குப் புரட்டாசி சனிக்கிழமை. நான் கவுச்சி தொடமாட்டேன். இஃப்பத் ரமலானில் விட்டுப்போன நோன்பைப் பிடித்திருந்தாள். சாப்பிடாத இரண்டு பெண்களைக் காரில் வைத்துக்கொண்டு அஸ்லாம் அரியலூர்ப் பக்கம் சாப்பாட்டுக் கடை தேடிப் புறப்பட்டான்.

ஆலத்தியூரைத் தாண்டி, சுண்ணாம்புத் தூசி படிந்து வேலிக்கருவை எல்லாம் நரைத்துப்போன ஒரு கிளைச் சாலை. அதன் ஓரத்தில் லாரிகள் வரிசையாக நின்றன. அஸ்லாம் பிரேக்கை மிதித்தான்.

"பாத்தியா இஃப்பத். இத்தனை டிரைவருங்க நிறுத்தியிருக்காங்கன்னா சும்மாவா?"

லாரிகளின் சக்கரங்கள் பாதிக்கு மேல் தூசிக்குள் புதைந்திருந்தன. ஒன்றின் கண்ணாடி முழுக்க வெள்ளைப் பொருக்கு. வயிறு முட்டத் தின்றுவிட்டு டிரைவர்கள் நன்றாகத் தூங்குகிறார்கள் போல என்று நான் கேலி பேசினேன்.

கைவிட்ட சுண்ணாம்புக்கல் பள்ளத்தின் விளிம்பில் ஓர் ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகை. போர்டு இல்லை. அஸ்லாமுக்கு அதுவே போதும்.

கார்க் கதவைத் திறந்ததும் அந்த வாசனை வந்தது. உப்பும் பாசியும் ஈர மணலும் கலந்த வாசனை. வேளாங்கண்ணியில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது இதே வாசனைதான் வந்தது. எங்கள் பக்கத்தில் எந்தக் காலத்திலோ கடல் கிடந்ததாம். பள்ளம் தோண்டினால் சிப்பியும் சுருண்ட நத்தையும் கல்லாக வரும். அது எல்லோருக்கும் தெரிந்த கதை. ஆனால் கல்லுக்கு வாசனை கிடையாது.

இஃப்பத் துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். "நான் வண்டியிலேயே இருக்கேன். சீக்கிரம் வாங்க."

உள்ளே மேசை நாற்காலி இல்லை. பாய்கள் விரித்து, ஒவ்வொரு பாயிலும் ஒரு பெரிய தாம்பாளத்தில் சோறு குவிந்திருந்தது. சுற்றி ஒருவரும் இல்லை. கை கழுவப் போயிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் வெளியே தண்ணீர்ச் சத்தம் எதுவும் கேட்கவில்லை.

முழங்கை வரை சுண்ணாம்பு பூத்த ஓர் ஆள் அடுப்படியிலிருந்து வந்தார்.

"இன்னைக்கு என்னங்க?" என்றான் அஸ்லாம்.

"மீனு."

"எங்கேருந்து வருது? நாகப்பட்டினமா?"

"எங்கேருந்தும் வரல. இந்த ஊரு மீனுதான்."

அஸ்லாம் என்னைப் பார்த்துக் கண்ணடித்தான். "ஒரு தட்டு போடுங்க."

"தனித் தட்டு கிடையாது தம்பி."

வைக்கப்பட்ட தாம்பாளத்தைப் பார்த்ததும் அவனுக்குக் குஷி தாங்கவில்லை. "அக்கா, இது எங்க சஹன்."

அவர்கள் வீட்டுக் கல்யாணத்தில் நானும் பார்த்திருக்கிறேன். ஒரே பெரிய தட்டைச் சுற்றி நாலைந்து பேர் உட்காருவார்கள். அவரவர் பக்கத்துச் சோற்றைத்தான் தொடுவார்கள். நல்ல துண்டு ஒன்று தன் பக்கம் விழுந்துவிட்டால் அதை எதிரே இருப்பவர் பக்கம் தள்ளிவிடுவார்கள். எல்லோரும் சாப்பிட்டு முடிக்கும்வரை யாரும் எழமாட்டார்கள். அது அவர்கள் மரியாதை. தனியாக உட்கார்ந்தவனுக்கு ஏன் சஹன் என்று அப்போது எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. எல்லாவற்றையும் கேட்கிற வாய் அன்றைக்குச் செல்போனைப் பிடிப்பதில் மும்முரமாக இருந்துவிட்டது.

அஸ்லாம் பிஸ்மி சொல்லிச் சாப்பிட ஆரம்பித்தான். குழம்பு கறுத்திருந்தது. செதிலுக்குப் பதில் ஓடு போலத் தடித்த தோலுடன், நான் எந்தச் சந்தையிலும் பார்த்திராத மீன்.

"இந்த மாதிரி நான் சாப்பிட்டதே இல்ல," என்றான் அஸ்லாம்.

செல்போன் திரையில்தான் முதலில் பார்த்தேன். அவன் பக்கம் சோற்றில் ஒரு பள்ளம். எதிர்ப்பக்கமும் ஒரு பள்ளம்.

குழம்பு ஊறிச் சரிந்திருக்கும் என்று நினைத்தேன்.

மறுபடி சரிந்தது. நான்கு விரலால் அள்ளியது போல.

அஸ்லாம் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். எதிர்ப்பக்கம் சோறு குறைவதை அவன் கண்ணைவிட அவன் கை முதலில் கவனித்துவிட்டது. சின்ன வயதிலிருந்து பழகிய கை. தன் பக்கம் கிடந்த பெரிய துண்டை விரலால் நகர்த்தி எதிர்ப்பக்கம் வைத்தான்.

"சாப்பிடுங்க," என்றான்.

சொன்ன பிறகுதான் நிமிர்ந்து பார்த்தான்.

எதிரே யாரும் இல்லை.

அந்தத் துண்டில் முள் மட்டும் கிடந்தது.

கொட்டகை முழுக்க ஓர் இரைச்சல் எழுந்தது, சங்கைக் காதில் வைத்தால் கேட்குமே, அது போல. மற்றப் பாய்களில் இருந்தவர்கள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்க்கிறார்கள் என்று எனக்குத் தோன்றியது. அந்தப் பாய்களில் யாரும் இல்லை.

அஸ்லாம் பாதியில் எழவில்லை. தன் பக்கத்துச் சோற்றை முடித்துவிட்டுத்தான் காருக்கு வந்தான்.

அதற்குப் பிறகு அவன் சாப்பிட்டது எதுவும் அவன் உடம்பில் சேரவில்லை. எந்தத் தட்டில் போட்டாலும் எதிர்ப்பக்கம்தான் முதலில் காலியாகும். இஃப்பத் பிசைந்து ஊட்டிவிட்டால், "வாய்க்குள்ள போகுது, தொண்டைக்குக் கீழ போகல," என்பான். உதட்டோரம் உப்புப் பூக்கும். துடைத்தால் மறுபடி பூக்கும். ஆஸ்பத்திரியில் எல்லாப் பரிசோதனையும் சரியாக இருந்தது. குளுக்கோஸ் பாட்டில் மட்டும் மளமளவென்று தீர்ந்துபோகிறதே என்று நர்ஸ் குழாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பள்ளிவாசல் ஹஜரத் வந்து ஓதினார். பாதியில் நாக்கு வறண்டு தண்ணீர் கேட்டார். குடித்துவிட்டு, உப்புக் கரிக்கிறதே என்று சொல்லி எழுந்து போனவர் திரும்ப வரவில்லை.

தெருவில் சர்க்கரை வியாதி என்றார்கள். துபாய்க் காய்ச்சல் என்றார்கள். செய்வினை என்றும் ஒரு கட்சி. நான் மூன்றையும் மறுத்தேன். உண்மையைச் சொன்னேன், ஒருவரும் நம்பவில்லை. இத்தனை வருஷம் இல்லாததையும் பொல்லாததையும் சொன்னபோது நம்பியவர்கள்தான்.

அஸ்லாம் தட்டின் முன்னாலிருந்து எழுவதையும் விட்டுவிட்டான். காய்ந்த கையோடு மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பான்.

"எந்திரிங்க," என்று இஃப்பத் கெஞ்சுவாள்.

"அவங்க இன்னும் முடிக்கல."

ஒரு நாள் காலையில் இஃப்பத் என் கதவைத் தட்டினாள். "அக்கா, அந்தக் கடைக்கு வழி உங்களுக்குத் தெரியும்ல."

போனோம். கடை போன இடம் தெரியாமல் மறைந்திருக்கும் என்று நான் உள்ளுக்குள் வேண்டிக்கொண்டே போனேன். அப்படி இல்லை. லாரிகள் அப்படியே நின்றன. அந்த ஆள் வாசலில் குத்த வைத்து, சுண்ணாம்புத் தூசியால் தாம்பாளங்களைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"எங்க வூட்டுக்காரர விட்டுடச் சொல்லுங்க," என்றாள் இஃப்பத்.

"யாரு புடிச்சு வச்சிருக்கா? லாரிக்காரங்க எத்தனையோ பேரு வந்தாங்க. பயந்தாங்க, பாதியில எந்திரிச்சு ஓடுனாங்க. பள்ளத்துல விழுந்தவங்களும் உண்டு. உங்க வூட்டுக்காரரு ஓடல. நல்ல துண்டா எடுத்து வச்சு, சாப்பிடுங்கன்னாரு. இத்தனை காலமா யாரும் சொல்லாத வார்த்தை."

"அது எங்க பழக்கங்க. தெரியாம வச்சுட்டாரு."

"அவங்களுக்கு அது தெரியாது தாயி. கூப்பிட்டாரு, வந்தாங்க. விருந்தாளிய எந்திரின்னு எப்படிச் சொல்றது?"

"எப்பதான் அவங்க பசி அடங்கும்?"

அவர் தேய்ப்பதை நிறுத்திவிட்டுப் பள்ளத்தைப் பார்த்தார். அது எவ்வளவு ஆழம் என்று எனக்குத் தெரியாது. அடியில் ஏதோ ஏறி இறங்கியது. காற்றாக இருக்கலாம்.

"கடல் போன நாளுலேருந்து பட்டினி," என்றார்.

இஃப்பத் அழவில்லை. "அவருக்குப் பதிலா நான் உக்காந்தா?"

"உக்காரலாம். சஹன்ல எடத்துக்கா பஞ்சம்? ஆனா ஒருத்தருக்குப் பதிலா ஒருத்தருன்னு அதுல கிடையாது."

திரும்பி வந்தபோது அஸ்லாமின் கை சோற்றுக்குள் இருந்தது. தலை நெஞ்சில் சாய்ந்திருந்தது. ஜன்னல் வழியே மதிய வெயில் நேராக அவன் மேல் விழுந்துகொண்டிருந்தது. நான் தொட்டுப் பார்த்தேன். கடலில் இருந்து எடுத்தது போலக் குளிர்ந்து கிடந்தான்.

அடக்கம் முடிந்து இஃப்பத் இத்தாவில் உட்கார்ந்தாள். புருஷன் போனபின் நாலு மாதத்துக்கு மேல் வீட்டைவிட்டு வெளியே வராமல் இருப்பார்களே, அது. பெற்றவர்கள் வந்து அவளோடு தங்குகிறோம் என்றதற்கு வேண்டாம் என்று அனுப்பிவிட்டாள். யாரோ ஒருவர் போய்ப் பார்க்க வேண்டாமா. நேற்று மத்தியானம் ரசம் எடுத்துக்கொண்டு நான் போனேன்.

கதவு சும்மாதான் சாத்தியிருந்தது. கூடத்தில் பாய் விரித்து, கல்யாணத்துக்கு எடுக்கும் பெரிய தாம்பாளத்தில் பருப்பும் சோறும் போட்டு, இஃப்பத் ஓர் ஓரமாக உட்கார்ந்திருந்தாள். அவள் கழுத்தெலும்பு துப்பட்டாவுக்கு மேலே துருத்திக்கொண்டிருந்தது. உதட்டோரத்தில் வெள்ளையாக ஏதோ.

"யாருக்குடி இவ்வளவு சோறு?"

"மெதுவாப் பேசுங்கக்கா. சாப்பிடுறாங்க."

எதிர்ப்பக்கம் சோற்றில் இரண்டு பள்ளம் விழுந்திருந்தது. ஒன்று அகலமாக, அவசர அவசரமாக ஆழமாகிக்கொண்டிருந்தது. இன்னொன்று சின்னது. தட்டின் ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக, கூச்சப்பட்டு எடுப்பது போல.

இஃப்பத் அந்தச் சின்னப் பள்ளத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் இருந்ததைச் சிரிப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"அவரு எப்பவும் இப்படித்தான்க்கா. ஓரத்துலேருந்துதான் எடுப்பாரு."

"எந்திரி இஃப்பத். எங்க வூட்டுக்கு வா."

"எந்திரிச்சா அவரு தனியால்ல உக்காந்திருப்பாரு."

பின்னால் ஓர் அடி வைத்தேன்.

தாம்பாளம் தரையில் உரசியது.

யாரும் தொடவில்லை. மெல்ல, மிக மெல்லச் சுழன்று, இதுவரை யாரும் கை வைக்காத பக்கம் நான் நின்ற வாசலுக்கு நேராக வந்து நின்றது.

"நான் சாப்பிட்டுட்டேன்," என்றேன்.

"ரசத்த இறக்குன கையோட வந்துட்டீங்க, இன்னும் ஒரு வாய்கூடச் சாப்பிடலையேக்கா," என்றாள் இஃப்பத், திரும்பிப் பார்க்காமலே.

அவளுக்குப் பக்கத்தில் பாய் ஈரமாக இருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த ஈரம் கொஞ்சம் கொஞ்சமாக அந்தப் பக்கம் நகர்ந்து, இன்னும் ஒரு ஆள் உட்கார இடம் விட்டது.