தூணின் ஆயுசு

எஸ்தர் பால் காய்ச்சுவதற்கு முன்பே தூணை அளந்துவிடுவாள். எண்ணூர்க் கரையில் எல்லா வீட்டிலும் அதுதான் முதல் வேலை. பல் தேய்ப்பதுகூட அப்புறம்தான்.

துருமானி என்பது உள்ளங்கையளவுக் கருவி. தூணில் துளை போட்டு, உள்ளே இருக்கும் கம்பியோடு அதன் ஒரு முனையை முடுக்கியிருப்பார்கள். தூணை நன்றாக நனைத்து மறுமுனையை ஈரத்தின் மேல் வைத்தால், கம்பி துருப்பிடிக்கையில் எழும் மின்னழுத்தத்தைப் படித்து, இன்னும் எத்தனை வருடம் தாங்கும் என்று எண்ணைக் காட்டிவிடும். ஐந்துக்குக் கீழே போனால் கட்டடத்துக்குச் சீல், ஆட்கள் எல்லாரும் கூடார முகாமுக்கு. புதுக் கட்டடம் கட்ட மணலும் இல்லை, நாதியும் இல்லை.

எஸ்தரின் மகள் செலினுக்கு இது நிறைமாதம். முந்தின பிள்ளை முகாமில் பிறந்து, ஜுரம் கண்டு அங்கேயே போய்விட்டது. இதாவது கூரைக்குக் கீழே பிறக்கட்டும் என்பதைத் தவிர எஸ்தருக்கு வேறு வேண்டுதல் இல்லை. ஆனால் பாழாய்ப்போன எண் இறங்கிக்கொண்டே வந்தது. பயத்தில் காலை, மதியம், விளக்கு வைத்த பிறகு என்று அளந்தாள். மற்ற வீட்டுக்காரர்கள் மட்டும் சும்மா இருந்தார்களா என்ன? தூண்கள் காயவே நேரமில்லை.

எண் நான்கைத் தொட்ட அன்று சோதனைப் பொறியாளர் வைரமணி வந்தாள். சின்ன வயசு, தூக்கமில்லாத முகம். தூணைக் குடைந்து எடுத்த தூளை ஏதோ மருந்தில் போட்டாள். அது பாலாக வெளுத்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"எந்தத் தண்ணியில நனைக்கிறீங்கம்மா?"

"போர் தண்ணிதான் மேடம். லாரியில வர்ற நல்ல தண்ணிய யாராவது தூண்ல ஊத்துவாங்களா?"

"போர்ல கடல் ஏறி ரொம்ப நாளாச்சும்மா. தினம் தினம் தூணுக்கு உப்பு குடுத்திருக்கீங்க. அந்த உப்புதான் கம்பிய அரிச்சிருக்கு."

எஸ்தர் ஈரம் காயாத தூணைத் தொட்டுப் பார்த்தாள். "அளக்காமலே விட்டிருந்தா?"

"உங்க பேரப்பிள்ளை கல்யாணம் வரைக்கும் நின்னிருக்கும்." சொன்ன பிறகுதான் அவள் செலினின் வயிற்றைப் பார்த்தாள்.

"நனைச்சு அளங்கன்னு நீங்கதான மேடம் சொன்னீங்க?"

"கையேட்டுல அப்படித்தாம்மா இருக்கு. எந்தத் தண்ணின்னு இல்ல. அத எழுதினவங்க ஊர்ல தண்ணின்னா நல்ல தண்ணிதான்."

எஸ்தருக்கு அவளை அறைய வேண்டும்போல இருந்தது. அறைந்து என்ன ஆகப்போகிறது?

"கரை முழுக்க இதே கதைதாம்மா. மானி மாட்டாத பழைய மீன் கிடங்கு ஒண்ணுதான் கல்லு மாதிரி நிக்குது."

"அப்ப எம்பொண்ண அங்க கூட்டிட்டுப் போயிடுறேன்."

"அளக்காத கட்டடத்துல ஆளக் குடியேத்த சட்டம் விடாதும்மா. துளை போட்டு, மானி மாட்டி, எண் இறங்காம நிக்குதான்னு மாசக்கணக்கா தினம் பாக்கணும். நாளைக்கு அங்கதான் வேலை."

"எந்தத் தண்ணியில?"

வைரமணி சீல் வைக்கும் அரக்கை எடுத்தாள். "நல்ல தண்ணி கேட்டு எழுதிப் போட்டேம்மா. முகாம்லயே குடிக்கப் பத்தலைன்னு திருப்பிட்டாங்க."

செலின் எழுந்து, வீட்டில் மிச்சமிருந்த நல்ல தண்ணீரைக் கிடங்குத் தூணுக்கென்று குடத்தில் ஊற்றத் தொடங்கினாள்.