நாற்பத்து நான்கு மீட்டர்

“உங்க கருவியையும் காட்டுங்க, ரோமெட்.”

புர்கி சொல்லிவிட்டாள். எதை வேண்டுமானாலும் கேள், வழிகாட்டியின் கருவியை மட்டும் காட்டச் சொல்லாதே என்று அம்மா படித்துப் படித்துச் சொல்லி அனுப்பியிருந்தாள். பள்ளத்தாக்கு விடுதியில் இருபத்தாறு வருடம் படுக்கை விரிப்பு மாற்றியவள் அம்மா. யாரிடம் எதைக் கேட்கக் கூடாது என்பதுதான் அவள் கற்ற கல்வி. புர்கி கற்றது வேறு. குடும்பத்தில் முதல் பட்டம், பனியின் அடுக்குகளைப் பற்றி இருநூறு பக்கம். அதை வைத்துக்கொண்டு இந்த மலைக்குடிலில் சூப் ஊற்றியபடியே வழிகாட்டிப் பயிற்சி. வசந்தத்தில் ரோமெட் கையெழுத்துப் போட்டால் அவளும் வழிகாட்டி. போடாவிட்டால் சூப்.

காலையில் கிளம்புமுன் சோதனை என்பது இந்த மலையில் பல் துலக்குவது மாதிரி. ஒருவர் தன் கருவியைத் தேடும் நிலையில் வைத்துக்கொண்டு வாசலில் நிற்பார். மற்றவர்கள் ஒவ்வொருவராகக் கடப்பார்கள். அவர்கள் மார்பில் கட்டியிருக்கும் கருவியின் சிக்னல் பீப் என்று கேட்க வேண்டும். பனிச்சரிவில் புதைந்தால் அந்தச் சிக்னலைத் தேடித்தான் தோண்டுவார்கள். எப்போதும் சோதிப்பவர் ரோமெட். ரோமெட்டை யாரும் சோதிப்பதில்லை. இன்று அவர் அடுப்படி பெஞ்சை விட்டு எழவில்லை, வாசலைப் பார்த்துக் கையை மட்டும் அசைத்தார். அதனால் புர்கி நின்றாள். விருந்தினர் டீலோ கடந்தார், பீப். அவர் மனைவி வீப்கே, பீப்.

“பட்டதாரியம்மாவுக்குச் சந்தேகம் வந்துடுச்சு” என்றார் டீலோ. ஹாம்பர்க்கில் பல் மருத்துவர். “அடுத்தது என் பல்லை எண்ணுவாங்க பாரு.”

“விடுங்க. சின்னப் பொண்ணு, விதிமுறைன்னா உசிரு” என்றாள் வீப்கே.

ரோமெட் சிரிக்கவில்லை. “சரிவு நல்லாயிருக்கு. கிளம்பலாம்.”

இது மூன்றாவது முறை. அதே மூன்று சொற்கள், அதே மூச்சில்லாத நிறுத்தம், குரலில் அதே இறக்கம்.

ஆறு மணிக்கு அவர் குடிலின் பின்சரிவைப் பார்த்துவரத் தனியாகப் போனார். தனியாகப் போகக் கூடாது என்று அவரே பாடம் எடுப்பார். ஆறரைக்கு, புர்கி அடுப்பில் விறகு திணித்துக்கொண்டிருந்தபோது, அது கேட்டது. சத்தம் என்று கூடச் சொல்ல முடியாது, மலையின் அடிவயிறு ஒருமுறை மூச்சை விட்டது போல ஒரு ‘வும்’, அலமாரியில் கோப்பைகள் ஒன்றையொன்று லேசாகத் தொட்டு விலகின, கூரை விளிம்பிலிருந்து கொஞ்சம் பனி உதிர்ந்தது, பிறகு காது அடைத்துக்கொள்கிற மாதிரி அமைதி. அடியில் இருக்கும் பலவீனமான அடுக்கு நொறுங்கும் ஒலி அது. அதைப் பற்றி மட்டும் நாற்பது பக்கம் எழுதியிருக்கிறாள். ஜன்னலில் மூடுபனி தவிர வேறில்லை. பூட்ஸில் ஒரு காலை நுழைத்துக்கொண்டிருந்தபோது கதவு திறந்து ரோமெட் உள்ளே வந்தார். பயந்ததற்காகத் தன்மேலேயே கோபப்பட்டுக்கொண்டு அவருக்குத் தேநீர் ஊற்றி வைத்தாள்.

அது ஒரு மணி நேரத்துக்கு முன்பு.

அறையில் காப்பி மணந்தது, நனைந்த கம்பளி மணந்தது, ஏப்ரல் வரை போகாத பூட்ஸ் வாடை இருந்தது. அவர் பக்கத்தில் மட்டும் எந்த வாடையும் இல்லை. மழைக்கு முன் இரும்புக் கம்பியை நக்கியது போல நாக்கில் ஒரு சில்லிப்பு மட்டும். அடுப்பின் ஓடு தொட முடியாத சூட்டில் இருந்தது. அதில் முதுகைச் சாய்த்திருந்தவரின் தோளில் பனி அப்படியே இருந்தது.

உருகவில்லை.

“இன்னிக்குப் பின்சரிவு வேண்டாம்” என்றாள் புர்கி. “ராத்திரி பூரா காத்து பனியை அங்கதான் கொண்டுவந்து கொட்டியிருக்கு. ‘வும்’முனு கேட்டேன். பனிச்சரிவு அறிக்கையில ஆபத்து மூணுன்னு போட்டிருக்காங்க.”

“அஞ்சுக்கு மூணு. பாஸ் மார்க்” என்றார் டீலோ.

“மூணுலதான் சாகறாங்க. நாலுன்னா யாரும் வெளிய வர்றதில்ல.”

“வழிகாட்டி யாரு, நீயா அவரா?”

புர்கி வாசலை விட்டு நகர்ந்தாள். கருவியை நீட்டியபடி ரோமெட்டை நோக்கி நடந்தாள். கை எட்டும் தூரம். திரையில் மூன்று வரிகள். இரண்டு மீட்டர், டீலோ. மூன்று மீட்டர், வீப்கே. மூன்றாவது வரி ரோமெட்டுடையதாக இருக்க வேண்டும்.

நாற்பத்து நான்கு.

அம்புக்குறி அவரைக் காட்டவில்லை. பின்சுவரைக் காட்டியது. சுவருக்கு அப்பால் சரிவு.

கருவியைத் திருப்பிப் பார்த்தாள். மறுபடி நீட்டினாள். நாற்பத்து நான்கு.

அவர் முன்னால் இருந்த தேநீரின் மேல் ஏடு படிந்திருந்தது. ஏடு இல்லை. பனிக்கட்டி.

“ரோமெட்?”

அவர் நிமிர்ந்து வாயைத் திறந்தார். வாய் நிறையப் பனி. பல் வரைக்கும் வெள்ளையாக, கெட்டியாக, இடுக்கில்லாமல் அடைந்திருந்தது. பனியிலிருந்து தோண்டி எடுக்கப்பட்டவர்களிடம் இரண்டு முறை பார்த்திருக்கிறாள். அவர்கள் பேசியதில்லை.

“சரிவு நல்லாயிருக்கு. கிளம்பலாம்.”

உதடு அசையவே இல்லை.

டீலோ குனிந்து பூட்ஸ் மாட்டிக்கொண்டிருந்தார். ஊரார் வாயைப் பார்த்தே பிழைக்கிறவர், இந்த வாயை மட்டும் பார்க்கவில்லை. “சொல்லிட்டார்ல? எழுந்திரு வீப்கே” என்று அடுப்புக்கு மேல் கொடியில் கையை நீட்டினார். ஏறும்போது ஸ்கீயின் அடியில் ஒட்டும் பட்டைகள் அங்கே காய்ந்தன. அவை இல்லாமல் ஒருவரும் மேலே ஏற முடியாது.

புர்கிக்கு அவரை விட நீளமான கை. உருவினாள். அடுப்பைத் திறந்தாள். நான்கு பட்டைகளையும் திணித்தாள். பசை பற்றி எரிந்தது. கரும்புகை.

“பைத்தியமா உனக்கு?”

“இனி ஏற முடியாது. அவ்வளவுதான்.”

“உன் கையெழுத்து போச்சு! இனி ஜென்மத்துக்கும் சூப்தான் ஊத்தணும்!”

“ஊத்தறேன். உக்காருங்க.”

சுவர் ரேடியோவை எடுத்தாள். பள்ளத்தாக்கு மீட்புக் குழு. “பின்சரிவுல ஒருத்தர் புதைஞ்சிருக்கார். சிக்னல் வருது.”

“மூடுபனி, ஹெலிகாப்டர் ஏறாது. ஆளுங்க நடந்துதான் வரணும், ரெண்டு மணி நேரம் ஆகும்” என்றது ஒரு பெண் குரல். “புதைஞ்சது யாரு?”

“ரோமெட்.”

ரேடியோ கரகரத்தது. “என்ன விளையாட்டு இது? பின்னாடி அவர் குரல் கேக்குதே.”

வீப்கே அப்போதுதான் கோப்பையைப் பார்த்தாள். பிறகு தோளை. பிறகு முகத்தை. சத்தம் போடவில்லை. கணவனின் சட்டையைக் கொத்தாகப் பிடித்துச் சமையலறைக்குள் இழுத்தாள். தாழ்ப்பாள் விழுந்தது. இரும்புத் தாழ்ப்பாள், நல்லது.

புதைந்தவருக்குப் பதினைந்து நிமிடம். அதற்குப் பிறகு மூச்சு இருந்தால் அதிர்ஷ்டம்தான். இப்போது ஒரு மணி நேரம் தாண்டிவிட்டது. அது அவளுக்குத் தெரியும். மேலே இன்னும் சரியாத பனி தொங்கிக்கொண்டிருக்கலாம். அதுவும் தெரியும். ஆனால் சிக்னல் வருகிறது. சிக்னல் வந்தால் போக வேண்டும். அதை அவளுக்குச் சொல்லித்தந்தவர் அந்த மனிதர்தான்.

பனிவாரி. குத்திப் பார்க்கும் கம்பி. கையுறை.

பெஞ்சிலிருந்து அது எழுந்து நின்றது. தோளிலிருந்து ஒரு பொட்டுப் பனி விழவில்லை.

“நீ யாரா வேணா இரு” என்றாள். குரல் நடுங்கியது. அதற்கும் கோபம் வந்தது. “அவரை அங்க விட்டுட்டு உன்கூட உக்கார முடியாது.”

பின்கதவைத் திறந்தாள். முகத்தில் மூடுபனி. குளிர். எதுவும் தெரியவில்லை.

படியில் நின்று திரையைப் பார்த்தாள்.

நாற்பத்து நான்கு.

நின்றாள். அசையவில்லை.

நாற்பத்தொன்று.

மூச்சைப் பிடித்தாள். எங்கோ முன்னால் பனி மெதுவாக நெரிபட்டது. மேலே இல்லை. அடியில்.

முப்பத்தாறு.

பனிவாரியைத் தோளில் போட்டாள். அம்பு காட்டிய பக்கம் நடந்தாள்.