கடைசி வரிசைக் கொடிகள்

வேனிலிருந்து இறங்கியதும் மேஸ்திரி எங்கள் பாஸ்போர்ட்டுகளை வாங்கிச் சட்டைக்குள் போட்டுக்கொண்டான். எங்களைப் பிளாஸ்டிக் கொட்டகைக்குள் அனுப்பிவிட்டு, வெளியிலிருந்து பூட்டினான்.

உள்ளே ஆளை மறைக்கும் தக்காளிக் கொடிகள். மேலிருந்து தொங்கும் கயிற்றில் கொடியின் நுனியைச் சுற்றிவிட வேண்டும். நுனி தினமும் வளரும். தினமும் சுற்ற வேண்டும்.

நான் வந்ததே அண்ணனைத் தேடித்தான். போன வருஷம் இதே கொட்டகைக்கு வந்தவன். கேட்டதற்கு மேஸ்திரி சிரித்தான்.

"சொல்லாம கொள்ளாம ஓடிட்டான். நீயும் ஓடிப் பாரு, காலு மிஞ்சுதான்னு பாப்போம்."

கடைசி வரிசைக்கு யாரும் போகவில்லை. அங்கே மட்டும் பூச்சிமருந்து நெடி தொண்டையைப் பிடித்தது. ஆனாலும் கொடிகள் ஒழுங்காகச் சுற்றியிருந்தன.

இடதுபக்கமாக.

எங்கள் எல்லோருடைய சுற்றும் வலதுபக்கம் போகும். அண்ணன் இடதுகைக்காரன். சாக்கு மூட்டை கட்டினாலும் அவன் சுற்று இப்படித்தான் போகும். அம்மா திட்டாத நாளில்லை.

அடிச்சுற்று பழசாக இருக்கலாம்.

ஆனால் நுனி இன்று வளர்ந்தது. அதுவும் சுற்றியிருந்தது.

பக்கத்துப் படுக்கைக்காரரை எல்லோரும் மாமா என்போம். அவரிடம் கேட்டேன். அவர் கொடிகளைப் பார்க்காமலே முணுமுணுத்தார்.

"பூட்டிட்டு மருந்து அடிச்சாங்கடா. உள்ள உங்கண்ணன் இருக்கான்னு கத்துனோம். தொறந்தா மருந்து வீணாயிடும்னுட்டான் மேஸ்திரி. அந்த வரிசையிலயே பொதச்சாங்க."

சாயங்காலம் கதவு திறந்து எல்லோரும் வெளியே வந்ததும் மேஸ்திரியை மறித்தேன். கடைசி வரிசையை யார் கட்டுவது என்று கேட்டேன். அவன் முகம் வெளுத்தது. கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டே, கொடிகளை வெட்டிப்போடக் கத்தியோடு உள்ளே போனான்.

காற்றே இல்லை. இலைகள் சலசலத்தன.

மருந்தடிக்கும் பம்பு ஓடவில்லை. மருந்து நெடி வந்தது.

பிறகு இருமல். இரண்டு பேர் இருமல்.

"கதவத் தொறங்கடா!"

கதவு திறந்துதான் கிடந்தது. மாமா போய் அதைச் சாத்தினார். பூட்டைப் போட்டார்.

"மருந்து வீணாயிடும்," என்றார்.

ஒருவரும் பூட்டைத் திறக்கப் போகவில்லை. எனக்கு அன்றும் பாவமாக இல்லை, இன்றும் இல்லை.

விடிந்து திறந்தோம். மேஸ்திரி கடைசி வரிசையில் கிடந்தான். கணுக்காலிலிருந்து கழுத்துவரை கயிறு, இடதுபக்கமாக, ஒழுங்காக. அவன் சட்டைக்குள் எங்கள் பாஸ்போர்ட்டுகள் இருந்தன. ஓடிப்போனதாக அவன் சொன்ன என் அண்ணனுடையதும்.

இப்போது வேறு பண்ணை. வேறு போக்கிடம் இல்லை. இங்கேயும் பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டார்கள். இங்கேயும் பூட்டு வெளியில்தான்.

இன்று காலை என் வரிசையில் ஒரு நுனி, நான் தொடும் முன்பே சுற்றியிருந்தது.

இடதுபக்கமாக.